காதல் சரி, வாடகை யார் கட்டுகிறார்கள்?

ஒலிவியா வெய்ட்டின் ‘ஃபெமினின் பர்ஸ்யூட்ஸ்’ வரிசையில் மூன்று நாவல்கள். 2019இல் ‘தி லேடிஸ் கைட் டு செலஸ்டியல் மெக்கானிக்ஸ்’, 2020இல் ‘தி கேர் அண்ட் ஃபீடிங் ஆஃப் வாஸ்பிஷ் விடோஸ்’, 2021இல் ‘தி ஹெலியன்ஸ் வால்ட்ஸ்’. மூன்றுமே இருநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடப்பவை. மூன்றிலும் காதலிப்பது இரண்டு பெண்கள். மூன்றும் சுபம். வானியல், அச்சு, தேனீ, பட்டு நெசவு, பியானோ என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது தொழில் இருக்கும். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிக்கொண்டு, கை தொடும் பக்கத்துக்கு ஓடிவிடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான். இந்தக் கதைகளில் காதல் நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தொழில்தான் முடிவுசெய்கிறது.

காரணம் எளிது. ஆண்–பெண் சரித்திரக் காதல் நாவலில் கல்யாணம் ஆனதும் வரவுசெலவுக் கவலை ஓய்ந்துவிடும். பிரபு வருவான், மாளிகை வரும், நில வருமானம் வரும், கதாநாயகி அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு பெண்களுக்கு அந்தக் கதவு கிடையாது. தேவாலயம் பதிவு செய்யாது, சட்டம் கண்டுகொள்ளாது, ஒருத்தி செத்தால் மற்றவளுக்கு எதுவும் தானாக வராது. அப்படியானால் ஒரே கூரையின் கீழ் முப்பது வருடம் வாழக் காசு எங்கிருந்து வரும்? வீடு யார் பெயரில் இருக்கும்? நாளைக்கு அண்ணனோ மருமகனோ வந்து பிடுங்கினால் என்ன செய்வது? இந்த மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் அத்தியாயத்திலிருந்தே கதை வேறு மாதிரி தெரியும்.

அதற்கு முன் கொஞ்சம் சட்டம். அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற அந்தஸ்தே இல்லை. அவள் கொண்டுவந்த ரொக்கம், சாமான், நகை எல்லாம் கணவனுடையது. நிலம் அவள் பெயரில் இருந்தாலும் நிர்வாகமும் வருமானமும் அவனுக்கு. அவள் உழைத்த கூலியும் அவனுக்கே. அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. தன் பெயரில் ஒப்பந்தம் போடவோ வழக்குத் தொடுக்கவோ முடியாது. வசதியான வீடுகளில் பொறுப்பாளர்களை நியமித்து மகளுக்கென்று தனிச்சொத்து எழுதிவைத்து இதைச் சுற்றிப் போனார்கள். மற்றவர்களுக்கு 1870இலும் 1882இலும் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள் வரும்வரை விடிவில்லை.

ஆனால் அதே சட்டம், 21 வயது கடந்த மணமாகாத பெண்ணையும் கணவனை இழந்தவளையும் முழு ஆளாக மதித்தது. அவர்கள் நிலம் வாங்கலாம், விற்கலாம், கடை நடத்தலாம், கூட்டு வியாபாரம் செய்யலாம், உயில் எழுதலாம். அதனால்தான் இந்த வகை நாவல்களில் இளம் விதவைகள் இத்தனை பேர். சோகத்துக்காக அல்ல, அவர்கள் கையில்தான் சாவி இருக்கிறது. இந்த வரிசையின் ஆறு நாயகிகளில் இருவர் கணவனை இழந்தவர்கள், மூவர் மணமாகாதவர்கள். மணமானவள் ஒருத்திதான், இரண்டாம் நூலின் பெனலொப்பி ஃப்ளட். அவள் சிரித்துக்கொண்டே சுற்றினாலும் ஆறு பேரில் சட்டப்படி மிகப் பலவீனமான இடத்தில் நிற்பவள் அவள்தான். கதாசிரியர் இதைப் பாடமாகச் சொல்வதில்லை. நீங்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நடந்திருக்குமா, மாட்டினால் தூக்கில் போட்டிருக்க மாட்டார்களா? இரண்டு சரித்திரங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. ஓரினச் சேர்க்கைக்கு 1533 முதல் இங்கிலாந்தில் இருந்த மரண தண்டனைச் சட்டம் ஆண்களைத்தான் கொன்றது. லண்டனில் அந்தச் சட்டத்தின் கீழ் கடைசியாக இருவர் தூக்கிலிடப்பட்டது 1835இல். மரண தண்டனை நீங்கியது 1861இல். பெண்களுக்கிடையிலான உறவை ஆங்கிலச் சட்டம் எப்போதும் குற்றமாக்கவில்லை. 1921இல் ஒரு முயற்சி நடந்து, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் தோற்றது. விக்டோரியா மகாராணி அதை நம்ப மறுத்ததால்தான் சட்டத்தில் சேரவில்லை என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை.

குற்றம் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆபத்து வேறு ரூபத்தில் வந்தது. 1746இல் ஆண் வேடமிட்டு ஒரு பெண்ணை மணந்த மேரி ஹாமில்டன் சாமர்செட்டில் பிடிபட்டபோது, அவரை எந்தப் பிரிவில் தண்டிப்பது என்று நீதிபதிகளுக்கே தெரியவில்லை. கடைசியில் ஏமாற்றுக்காரி என்று நாடோடிச் சட்டத்தில் அடைத்து, நான்கு ஊர்களில் சவுக்கடியும் ஆறு மாதச் சிறையும் கொடுத்தார்கள். எடின்பரோவில் 1809இல் பெண்கள் பள்ளி தொடங்கிய மரியான் வுட்ஸ், ஜேன் பிரீ இருவரின் கதை இன்னும் கொடுமை. 1810 நவம்பரில் ஜேன் கம்மிங் என்ற மாணவி தன் பாட்டியிடம் ஏதோ சொல்ல, பாட்டி லேடி கம்மிங் கோர்டன் மற்றப் பெற்றோருக்கு எழுதிப்போட, ஒருசில நாளில் பள்ளி காலி. ஆசிரியைகள் அவதூறு வழக்குத் தொடுத்து 1811இல் நீதிபதிகளின் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்கள், 1812இல் மறுவிசாரணையில் ஒரு ஓட்டில் ஜெயித்தார்கள், 1819இல் பிரபுக்கள் அவை அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. ஜெயித்தும் பள்ளி திரும்பவில்லை. அந்த மாணவி இந்தியாவில், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். பிரிட்டிஷ் பெண்களுக்கு இப்படி ஒரு எண்ணமே வராது, இந்தியாவில் வளர்ந்த பெண்தான் எங்கிருந்தோ கற்பனையைக் கொண்டுவந்திருக்கிறாள் என்ற வாதம் அந்த நீதிமன்றத்தில் வெகு மரியாதையாக எடுபட்டது. இனவெறி ஆசிரியைகளைக் காப்பாற்றிய விசித்திர வழக்கு.

ஆக, பயம் தூக்குக்கயிறு பற்றியது அல்ல. பிழைப்புப் போய்விடும் என்ற பயம். வெய்ட்டின் நாயகிகள் பயப்படுவதும் சரியாக அதற்குத்தான். “ரகசியமாகவே பயந்து சாக வேண்டாமா, இவர்கள் ஏன் இவ்வளவு சகஜமாக இருக்கிறார்கள்” என்று குறைப்படுகிறவர்கள், இரண்டு பெண்கள் ஒரே படுக்கையில் தூங்குவது அன்று எந்த வேலைக்காரிக்கும் செய்தியே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். விருந்தாளிக்குத் தனி அறை சூடாக்க நிலக்கரி செலவு. தோழிகள் சேர்ந்து படுத்துக்கொள்வார்கள். அந்தச் சகஜம்தான் அவர்களுக்குத் திரை.

சந்தேகம் தீராதவர்கள் இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, லாங்கோலன் சீமாட்டிகள். எலினார் பட்லரும் சாரா பொன்சன்பியும் 1778இல் அயர்லாந்தில் வீட்டைவிட்டு வெளியேறி, 1780 முதல் வேல்ஸில் பிளாஸ் நியூவித் என்ற வீட்டில் சாகும்வரை ஒன்றாக வாழ்ந்தார்கள். வேர்ட்ஸ்வொர்த், வால்டர் ஸ்காட், வெலிங்டன் பிரபு என்று ஊரே அவர்கள் வீட்டுக்கு யாத்திரை போனது. ஆனால் இருவரும் பாதி வாழ்நாள் கடனில்தான் இருந்தார்கள். வீட்டார் அனுப்பும் சொற்பத்தையும் அரச ஓய்வூதியத்தையும் எதிர்பார்த்துக் காலம் தள்ளினார்கள். 1790இல் ஒரு பத்திரிகை அவர்களைப் பற்றி ஜாடைமாடையாக எழுதியபோது அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கிடம் வழக்குப் போடலாமா என்று கேட்டார்கள்.

இன்னொருவர் ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹால் எஸ்டேட்டின் ஆன் லிஸ்டர். ஏறக்குறைய 50 லட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதியவர். அதில் ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்த சங்கேத எழுத்தில் இருக்கிறது. அவர் உயிராக நேசித்த மரியானா 1816இல் ஒரு பணக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போனார். காரணம் அப்பட்டமாகப் பணம். பின்னாளில் லிஸ்டருக்குச் சொத்து வந்த பிறகுதான் ஆன் வாக்கருடன் நிலையான வாழ்க்கை அமைந்தது. 1834 ஈஸ்டர் அன்று யார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் சேர்ந்து நற்கருணை வாங்கியதை அவர்கள் தங்கள் திருமணமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியம், அதற்கப்புறம் இருவரும் உயிலை மாற்றி எழுதினார்கள்: ஒருவர் போனால் மற்றவர் ஆயுள்வரை சொத்தை அனுபவிக்கலாம், வேறு கல்யாணம் செய்யாதவரை. லிஸ்டர் 1840இல் இறந்தார். 1843இல் வாக்கரின் உறவினர்கள் அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். எழுதிவைத்த உயில்கூட முழுக் காவல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி நூல்கள்.

முதல் நூலில் லூசி மச்சல்னி, இறந்துபோன வானியலாளரின் மகள். அப்பாவின் பெயரில் வந்த கணக்குகளைப் பல வருடமாகப் போட்டது அவள்தான். காதலி வேறொருவனை மணக்கிறாள். அண்ணன் தொலைநோக்கியை விற்றுவிடப் பார்க்கிறான். இங்கே நிறுத்தி யோசியுங்கள்: தொலைநோக்கி ஏன் அண்ணனுடையது? அப்பாவின் சொத்தில் அதுவும் ஒன்று, சொத்து மகனுக்குப் போகிறது. உழைப்பு அவளுடையது, கருவி அவனுடையது. அப்போதுதான் மாத் கவுன்டஸான (ஏர்ல் என்ற பட்டப் பிரபுவின் மனைவிதான் கவுன்டஸ்) கேத்தரின் செயின்ட் டே, ஒரு பெரிய பிரெஞ்சு வானியல் நூலை மொழிபெயர்க்க ஆள் தேடுவது தெரிந்து லூசி லண்டனுக்குக் கிளம்புகிறாள்.

அந்தப் பிரெஞ்சு நூலுக்குப் பின்னால் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்ளாஸ் நிற்கிறார். 1799 தொடங்கி 1825 வரை ஐந்து தொகுதிகளாக வந்த அவருடைய விண்ணியக்க நூலை அன்று இங்கிலாந்தில் புரிந்துகொண்டவர்கள் வெகு சிலர். அதை ஆங்கிலத்தில் விளக்கி 1831இல் வெளியிட்டவர் மேரி சோமர்வில் என்ற பெண். இன்னொரு முன்மாதிரி கரோலின் ஹெர்ஷல்: அண்ணனுக்கு உதவியாளராக 1787 முதல் அரசரிடம் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் வாங்கியவர், எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர். 1828இல் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது, உறுப்பினராக்கவில்லை. 1835இல் இருவரையும் கௌரவ உறுப்பினர் என்று ஒரு படி தள்ளி உட்காரவைத்தது. பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 1916இல். நாவலில் வரும் அறிவியல் சங்கத்தின் கிழவர்கள் மிகையாகத் தெரிந்தால் இந்த வருடங்களைப் பாருங்கள்.

முதல் நூலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, புத்தகம் அச்சேறும் விதம். அன்று நாலு வழி இருந்தது. உரிமையை மொத்தமாகப் பதிப்பாளருக்கு விற்றுவிடலாம். லாபத்தில் பாதி என்று பேசிக்கொள்ளலாம். எழுதியவரே முழுச் செலவையும் ஏற்று, பதிப்பாளருக்குக் கமிஷன் தரலாம். முன்பணம் கட்டும் சந்தாதாரர் பட்டியல் சேர்த்து அதில் அச்சடிக்கலாம். பெயர் தெரியாத பெண்ணின் கணித நூலுக்கு முதல் இரண்டும் கிடைப்பது அபூர்வம். ஆகவே யாராவது பணம் போட வேண்டும். கேத்தரின் போடுகிறாள். அந்த நிமிடத்திலிருந்து அவர்களுக்குள் நடப்பது காதலா, புரவலர் காட்டும் தயவா என்ற கேள்வி கூடவே வரும். லூசிக்கு வரும் கோபங்களில் பாதி அந்த இடத்திலிருந்து பிறப்பவைதான். கேத்தரினின் தயக்கமும் அப்படித்தான்: அறிவியலுக்காகத் தன்னை வதைத்த ஒரு கணவனோடு ஏற்கெனவே வாழ்ந்தவள், இன்னொரு மேதைக்குச் செலவு செய்யப் போகிறாள்.

விளிக்கும் முறையைத் தவறவிடாதீர்கள். கவுன்டஸை ‘லேடி மாத்’ என்றுதான் அழைக்க வேண்டும். ‘லேடி கேத்தரின்’ என்றால் அவள் ஏதோ ஒரு ஏர்லின் மகள் என்று அர்த்தமாகிவிடும். இருவரும் பட்டப் பெயரை விட்டு வெறும் பெயருக்கு இறங்கும் இடம் முதல் முத்தத்துக்குச் சமம். நம் வீடுகளில் ‘நீங்க’ ‘நீ’ ஆகும் இடம் எப்படியோ அப்படி. வேகமாகப் படித்தால் அது கண்ணில் படாமல் போகும்.

வரிசையின் உச்சம் என் கணக்கில் இரண்டாம் நூல். நாயகிகள் இருவரும் நாற்பதுகளில் இருப்பவர்கள். அகாதா கிரிஃபின் லண்டனில் கணவன் விட்டுப்போன அச்சகத்தை நடத்துகிறாள். மகன் தீவிர அரசியலில் இறங்கி வம்பை விலைக்கு வாங்குகிறான். மெலிட்டன் என்ற சிற்றூரில் உள்ள அவளுடைய கிடங்கில் ஒருநாள் தேனீக்கூட்டம் வந்து அடைகிறது. அதை எடுக்க வருகிறவள் பெனலொப்பி. அவள் கணவன் கடலில். வருடக்கணக்கில் முகம் காட்டாதவன்.

கணவன் இறந்தால் அச்சகத்தை மனைவி நடத்துவது லண்டன் அச்சுத் தொழிலில் பழைய வழக்கம்தான், புரட்சி அல்ல. அகாதாவின் கழுத்தை நெரிப்பது வரி. 1815 முதல் ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் 4 பென்னி முத்திரை வரி. அதனால் ஒரு தாளின் விலை 7 பென்னிக்கு ஏறியது. 1819 ஆகஸ்டில் மான்செஸ்டரில், அரசியல் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலை. டிசம்பரில் எதிர்ப்பை ஒடுக்க ‘ஆறு சட்டங்கள்’. அதில் ஒன்று, 6 பென்னிக்குக் குறைந்த விலையில் செய்தி பேசி அடிக்கடி வரும் துண்டு வெளியீடுகளையும் அதே வரிக்குள் இழுத்தது. இன்னொன்று அரச விரோத எழுத்துக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. எழுதியவன் மட்டுமல்ல, அச்சடித்தவரும் விற்றவரும் உள்ளே போகலாம். மகன் ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்பது இப்போது விளங்கும். இயந்திரம், எழுத்து, காகித இருப்பு, தொழில் பழகும் பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் அந்த ஒரு நோட்டீஸில் தொங்குகின்றன.

அச்சு வேலையிலும் ஒரு நுணுக்கம். எழுத்து அச்சு வேறு, செப்புத்தகட்டுப் படம் வேறு. எழுத்து அச்சில் மேடான பகுதி மை வாங்கும். செப்புத்தகட்டில் செதுக்கிய பள்ளத்தில் மை நிற்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுக்க வேண்டும். இரண்டுக்கும் இயந்திரமே தனித்தனி. செம்பு மென்மை என்பதால் ஆயிரக்கணக்கில் இழுக்க இழுக்கக் கோடு தேயும், திரும்பச் செதுக்க வேண்டும். அகாதா செதுக்கத் தெரிந்தவள் என்பது பெரிய விஷயம். வெளியாளுக்குக் கூலி மிச்சம்.

தேனீ விஷயத்தில் வாசகர்கள் வழுக்கும் இடம், மனதில் நவீன மரப்பெட்டியை வைத்துக்கொள்வது. அடை கட்டும் மரச்சட்டங்களை எடுத்து மாட்டும் பெட்டி, லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் வழியாக வந்தது 1850களின் தொடக்கத்தில்தான். பெனலொப்பி காலத்தில் பெரும்பாலும் வைக்கோல் புரி சுற்றிச் செய்த கவிழ்த்த கூடை. உள்ளே அடை கூடையோடு ஒட்டியிருக்கும், வெளியே எடுத்துப் பார்க்க வழியில்லை. இலையுதிர் காலத்தில் மிகக் கனமான கூடைகளையும் மிக லேசானவற்றையும் பொறுக்கி, குழியில் கந்தகம் எரித்து மேலே வைத்துக் கூட்டத்தையே கொல்வது வழக்கம். கனமானதில் தேன் அதிகம். லேசானது குளிர்காலம் தாங்காது. நடுத்தரமானவை மட்டும் அடுத்த வருடத்துக்கு. கொல்லாமல் எடுக்கவும் வழி உண்டு: கூடையைத் தலைகீழாக்கி, மேலே காலிக் கூடையைச் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் தாளம் போல் தட்டிக்கொண்டே இருந்தால் தேனீக்கள் மேலே ஏறிவிடும். பொறுமை வேண்டும். பிரிந்து வந்த கூட்டத்தை வெறுங்கையால் எடுப்பது வீரசாகசமாகத் தோன்றும். ஆனால் கிளம்பும்போது வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டு வருபவை அவை. காக்கக் குஞ்சும் இல்லை, அடையும் இல்லை, ஆகவே சாது. அதே கூட்டம் சுவரில் குடியேறி அடை கட்டிவிட்டால் கதை வேறு.

மூன்றாவது இழை, கரோலின் ராணி விவகாரம். இதைப் ‘பின்னணி அரசியல்’ என்று தள்ளிவிட்டு நகர்கிறவர்கள் நூலின் மையத்தையே தள்ளிவிடுகிறார்கள். 1820 ஜனவரியில் நான்காம் ஜார்ஜ் அரசனானான். பல வருடம் பிரிந்து வெளிநாட்டில் இருந்த மனைவி கரோலின் ஜூன் 5 அன்று டோவரில் வந்து இறங்கி, நானே ராணி என்றாள். ஜூலையில் அவளுடைய திருமணத்தை ரத்துசெய்யவும் பட்டத்தைப் பறிக்கவும் மசோதா. ஆகஸ்ட் 17 முதல் பிரபுக்கள் அவையில் விசாரணை. வேலைக்காரர்களைக் கூண்டில் ஏற்றிப் படுக்கை விரிப்பு வரை விசாரித்தார்கள். நவம்பர் 10 அன்று மசோதா 9 ஓட்டில் தேறியது. அந்த வித்தியாசத்தில் மக்களவைக்குக் கொண்டுபோகத் துணிவில்லாமல் அரசு கைவிட்டது. நாடு முழுக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு ராணிக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். ஊரெல்லாம் கேட்ட கேள்வி, இஷ்டம்போல் வாழும் புருஷன் மனைவியைச் சட்டத்தை வைத்தே தூக்கியெறியலாமா என்பது. இப்போது பெனலொப்பியின் வீட்டுக்கு வாருங்கள்: எங்கோ போயிருந்த கணவன் திரும்பி வந்து நிற்கிறான், சட்டப்படி எல்லாம் அவனுடையது. ராணியின் வழக்கும் தேனீக்காரியின் வீடும் ஒரே சட்டத்தில் நிற்பதை வெய்ட் ஓர் இடத்திலும் விரல்நீட்டிக் காட்டவில்லை. கெட்டிக்காரத்தனம்.

இந்த நூலில் காதல் பெரும்பாலும் கடிதத்தில் வளர்கிறது. கடிதத்துக்கும் கணக்கு உண்டு. 1840க்கு முன் தபால் கூலியைக் கட்டுவது பெரும்பாலும் வாங்குகிறவர். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கு. ஒற்றைத் தாளுக்கு 15 மைல்வரை 4 பென்னி, 300 மைல் என்றால் 1 ஷில்லிங். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் ஒரே தாளை மடித்து அரக்கு வைத்தார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பி எழுதியதன் குறுக்கே எழுதினார்கள். அடுத்தடுத்து வரும் கடிதங்களை அகாதா காசு கொடுத்து வாங்குகிறாள் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், கணக்குப் பார்க்கும் அந்தப் பெண்மணி எப்போதிருந்து விழுந்துவிட்டாள் என்பது அவளுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது நூல் இலகுவானது, மோசடிக் கதை. லண்டனில் ஒரு வஞ்சகனிடம் பியானோக் கடையை இழந்த குடும்பத்தின் மகள் சோஃபி ரோஸிங்ரேவ், கேரிஸ்ஃபர்டு என்ற ஊருக்கு வருகிறாள். அங்கே பட்டு நெசவாளி மேடி க்ரூ, பேராசை பிடித்த ஜவுளிக் கடைக்காரன் ஒருவனைக் கவிழ்த்து நெசவாளர் சங்கத்துக்கு நிதி சேர்க்கத் திட்டம் போடுகிறாள். ஊரே உடந்தை. இங்கே தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: 1799, 1800 ஆண்டுகளின் கூட்டுச்சேர்தல் சட்டங்கள். கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்தாலே மூன்று மாதச் சிறை அல்லது இரண்டு மாதக் கடுங்காவல், நடுவர்கள் முன் சுருக்க விசாரணையில். 1824இல்தான் ரத்து. அதனால் சங்கங்கள் நோய்க்கும் சாவுக்கும் உதவும் நலநிதிச் சங்கம் என்ற பெயரில் ஒளிந்து இயங்கின. அதற்கு 1793 முதல் அனுமதி இருந்தது. பெட்டியில் இருக்கும் காசு சட்டவிரோதக் காசாகிவிடக்கூடும் என்பதால் அதைத் திருடினாலும் புகார் கொடுக்க முடியாது. மேடியின் மோசடிக்கு நியாயம் அங்கிருந்து கிளம்புகிறது.

துளையிட்ட அட்டைகளால் பாவு நூலைத் தூக்கும் ஜக்கார்டு தறி இங்கிலாந்தில் காலூன்றத் தொடங்கியது 1820 வாக்கில். அயல்நாட்டுப் பட்டுத் துணிக்கு 1826 வரை தடை. உள்ளூர் நெசவாளிக்கு அது கவசம், கடத்தல்காரனுக்குக் கொண்டாட்டம். அன்றைய பியானோக்களில் உள்சட்டம் பெரும்பாலும் மரம்தான், காற்றில் ஈரம் ஏறி இறங்கச் சுருதி ஓடிவிடும். ஆகவே நல்ல காது உள்ளவருக்கு ஊரில் எப்போதும் வேலை உண்டு. சோஃபிக்கு வாடகை வரும் வழி அது. மூன்றாம் நூலின் குறை, மோசடி இயந்திரம் ஓடும் வேகத்தில் காதலுக்கு மூச்சுவிட இடம் போதவில்லை. சந்தேகத்திலிருந்து நம்பிக்கைக்குச் சோஃபி தாவும் தாவு கொஞ்சம் பெரிது.

எந்த வரிசையில் படிப்பது? ஒவ்வொன்றும் தனித்து நிற்கும், கதை புரியாமல் போகாது. ஆனாலும் 1, 2, 3 என்றே போங்கள். சரித்திர நாவல் பழக்கம் உள்ளவர்கள், இளம் காதலில் சலித்தவர்கள் இரண்டாவதில் தொடங்கலாம். மூன்றாவதில் மட்டும் தொடங்க வேண்டாம்; இந்த வரிசை வெறும் விளையாட்டு என்ற தவறான எண்ணம் வந்துவிடும். மூன்றிலும் உடலுறவுக் காட்சிகள் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போக விரும்பினால் தாண்டுங்கள். ஆனால் முதல் நூலில் அவற்றைத் தாண்டினால் கேத்தரின் தன் பழைய கல்யாணத்தைப் பற்றிப் பேசும் துண்டுகளும் சேர்ந்து போய்விடும், திரும்பி வந்து பொறுக்க வேண்டியிருக்கும்.

“சரித்திரத்தில் இவ்வளவு சந்தோஷமான முடிவு சாத்தியமா” என்று கடைசியாக ஒரு முணுமுணுப்பு எப்போதும் வரும். அன்றைய பிரிட்டனில் அரச குடும்பத்தைத் தள்ளி எண்ணினால், பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டமுள்ள டியூக்குகள் முப்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். அதிலும் பாதி கிழவர்கள். ஆண்–பெண் காதல் நாவல்களில் அழகான, கல்யாணமாகாத, முப்பது வயது டியூக்குகள் ஆயிரக்கணக்கில் திரிகிறார்கள். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

வரிசை முடிந்ததும் அசலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லிஸ்டர் நாட்குறிப்புக்குப் போகலாம். பக்கங்களின் படங்களையும் தன்னார்வலர்கள் சங்கேதம் உடைத்துப் பெயர்த்தெழுதிய பிரதிகளையும் மேற்கு யார்க்‌ஷயர் ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதலிலிருந்து தொடங்கினால் மூழ்கிவிடுவீர்கள். 1834 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எடுத்துக்கொள்ளுங்கள். வெய்ட்டின் நாயகிகளைப் போல முற்போக்கான ஆளை எதிர்பார்க்க வேண்டாம். லிஸ்டர் கறாரான ஜமீன்தாரிணி, நிலக்கரிச் சுரங்கம் நடத்தியவர், குத்தகைதாரர்களைத் தன் கட்சிக்கு ஓட்டுப்போடச் சொல்லி நெருக்கியவர். மேடி க்ரூ அவரைப் பார்த்திருந்தால் அடுத்த மோசடிக்கு ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பாள்.